சானிட்டரி நாப்கின்

சானிட்டரி நாப்கின் என்பது மாதவிடாய்ப் போக்கை உறிஞ்சித் தக்கவைப்பதற்காக உள்ளாடையில் பொருத்தி அணியும் பட்டை. அணையாடை, பேடு என்றும் வழங்கும். தொழிற்சாலைப் பொருளாக இதன் வயது ஏறத்தாழ 140 ஆண்டுகள். இது எவ்வளவு இரத்தத்தைத் தாங்கும் என்பதை அளக்கும் முயற்சி அதற்கு வெகுகாலம் பின்னரே தொடங்கியது.

போக்கின் இயல்பு

மாதவிடாயில் வெளியேறுவது முழுவதும் இரத்தமன்று. கருப்பை உட்படலத்தின் திசு, கருப்பைக் கழுத்தின் சளி, பிறப்புறுப்புக் கசிவு ஆகியவையும் அதில் கலந்திருக்கும். இரத்தத்தின் பங்கு பாதிக்கும் குறைவு எனச் சில ஆய்வுகள் கணிக்கின்றன. கருப்பைக்குள் உறையும் இரத்தத்தை நொதிகள் கரைத்துவிடுவதால் வழக்கமான போக்கு நீர்த்தே இறங்கும். போக்கு மிகும்போது நொதிகளால் ஈடுகொடுக்க இயலாமல் கட்டி கட்டியாக விழுவதுண்டு.

அளவு பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 1966இல் வெளியானது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஹால்பெர்கும் உடனாய்வாளர்களும் 476 பெண்களின் பயன்படுத்திய நாப்கின்களைத் திரட்டிக் காரக் கரைசலில் ஊறவைத்து, கரைந்து வந்த இரத்தத்தை அளந்தனர். ஒரு சுழற்சியில் இழக்கும் இரத்தம் பெரும்பாலோர்க்கு 30 முதல் 40 மி.லி. வரை எனவும், 80 மி.லிட்டரைத் தாண்டினால் மிகைப்போக்கு எனவும் கொள்ளும் வழக்கம் அதிலிருந்து வந்தது. அந்த எல்லை எவ்வளவு பொருந்தும் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. அன்றாட வாழ்வு எந்த அளவுக்குப் பாதிக்கப்படுகிறது என்பதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்போர் இப்போது மிகுதி.

தொழிற்சாலைக்கு முன்

எகிப்தியர் பாப்பிரஸ் நாரைப் பயன்படுத்தினர், கிரேக்கர் மரக்குச்சியில் பஞ்சு சுற்றினர் என்னும் செய்திகள் பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுக்கு நேரடிச் சான்று இல்லை என வரலாற்றறிஞர் சிலர் மறுக்கின்றனர். பெரும்பாலான சமூகங்களில் பழந்துணியே பயன்பட்டது. தூக்கி எறியும் பட்டைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் விற்கப்பட்டன. அமெரிக்காவில் 1896இல் ஜான்சன் அண்டு ஜான்சன் அறிமுகப்படுத்திய லிஸ்டர்ஸ் டவல்ஸ் பெரிதாக விற்கவில்லை.

செல்லுகாட்டனும் கோடெக்ஸும்

இந்தப் பொருளின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியுள்ள காலம் 1914 முதல் 1930 வரையிலானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நீனா நகரில் இயங்கிய கிம்பர்லி-கிளார்க் காகித நிறுவனத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மாலரும் ஜேம்ஸ் கிம்பர்லியும் 1914இல் ஐரோப்பாவுக்குச் சென்றனர். அங்கு கண்ட மரக்கூழ்ப் பொருளை அடியொற்றி, சுருக்கமிட்ட மெல்லிய தாள்களை அடுக்கிச் செய்த செல்லுகாட்டனை நிறுவனம் உருவாக்கியது. அது பஞ்சைவிட ஐந்து மடங்கு உறிஞ்சும், விலையோ பாதி என விளம்பரப்படுத்தப்பட்டது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் காயங்களுக்குக் கட்டுப்போட இராணுவமும் செஞ்சிலுவைச் சங்கமும் அதை வாங்கின. 1918 நவம்பரில் போர் நின்றது, சரக்கு தேங்கியது.

போர் மருத்துவமனைகளின் செவிலியர் இதே பொருளைத் தம் மாதவிடாய்க்குப் பயன்படுத்தியதே நாப்கின் எண்ணத்துக்கு வித்திட்டது என்பது நிறுவனம் கூறும் வரலாறு. இது எந்த அளவுக்கு உண்மை, எந்த அளவுக்குப் பின்னாளைய விளம்பரத்தின் மெருகு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

1920இல் செல்லுகாட்டன் நாப்கினின் விற்பனை கோடெக்ஸ் என்ற பெயரில் விரிந்தது. பொருள் நன்றாக இருந்தும் அதைக் கேட்டு வாங்கப் பெண்கள் கூசினர். கடைகளில் அப்போது எல்லாப் பொருளையும் எடுத்துத் தருபவர் விற்பனையாளரே, பெரும்பாலும் ஆண். பெயர் தவிர வேறெதுவும் அச்சிடாத பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டியும் வைக்கலாம் என்ற யோசனை கடைகளுக்குச் சொல்லப்பட்டது. காசைப் போட்டுவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் எடுத்துச் செல்லலாம். 1928இல் போட்டி நிறுவனமான ஜான்சன் அண்டு ஜான்சனின் மோடெஸ் நாப்கின் விளம்பரத்தில், கத்தரித்துக் கடைக்காரரிடம் நீட்டுவதற்கென்றே ஒரு சீட்டு அச்சிடப்பட்டிருந்தது.

மோடெஸுக்குப் பின்னால் இருந்தது லில்லியன் கில்பிரத்தின் அறிக்கை. தொழிற்சாலை வேலைகளின் அசைவுகளை அளந்து நேரத்தைக் குறைக்கும் துறையில் பெயர்பெற்ற இப்பொறியாளர் பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். ஜான்சன் அண்டு ஜான்சனுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் விவரம் திரட்டி 1927இல் அறிக்கை அளித்தார். கடையில் வாங்கிய பட்டையைப் பலர் அப்படியே அணியவில்லை என்பது அதில் வெளிப்பட்டது. நீளத்தைக் கத்தரித்தனர், முனைகளை மடித்தனர், உள்ளிருந்த பஞ்சில் ஒரு பகுதியைப் பிய்த்து எடுத்தனர். பட்டை அளவுக்கு மீறிப் பெரிது, ஓரம் உராய்கிறது, மெல்லிய ஆடையில் வெளியே தெரிகிறது என்பவை அவர்கள் சொன்ன குறைகள். அணிபவரைக் கேட்டறிந்து இப்பொருளை மாற்ற முனைந்த தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று.

டாம்பானும் கப்பும்

நாப்கினுக்கு மாற்றாக உடலுக்குள் வைக்கும் பொருட்களும் வந்தன. அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர் எர்ல் ஹாஸ், போக்கை உள்ளேயே உறிஞ்சும் டாம்பானுக்கு, உட்செலுத்து குழலுடன் கூடிய வடிவில், 1933இல் காப்புரிமை பெற்றார். லியோனா சால்மர்ஸ் 1937இல், போக்கை உள்ளே ஏந்தும் ரப்பர் மாதவிடாய்க் கப்புக்குக் காப்புரிமை பெற்றார். கப் பரவலானது சிலிக்கோன் வந்த பிறகே.

உறிஞ்சும் ஜெல்

நாப்கினை இடுப்புப் பட்டையில் மாட்டி அணியும் பழைய முறை 1970ஐ ஒட்டி, அடியில் பசை பூசிய நாப்கின் வந்ததும் மறையத் தொடங்கியது. அடுத்த பெரிய மாற்றம் சோடியம் பாலிஅக்ரிலேட் போன்ற பலபடித் தூள். இன்றைய நாப்கினில் மேற்பரப்புத் துணி போக்கைக் கீழே விடும். மரக்கூழ் அதைப் பக்கவாட்டில் பரப்பும். தூள் ஜெல்லாக மாறிப் பிடித்துக்கொள்ளும். அடியில் உள்ள நெகிழி கசிவைத் தடுக்கும். இத்தூள் தூய நீரைத் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்பும் புரதமும் கலந்த இரத்தத்தில் அத்திறன் பெருமளவு குறையும்.

உறிஞ்சும் திறனே ஆபத்தாகவும் முடியலாம் என்பது 1980இல் தெரியவந்தது. நச்சு அதிர்ச்சி நோயுடன் தொடர்புபடுத்தப்பட்ட ரிலை என்னும் டாம்பானை பிராக்டர் அண்டு கேம்பிள் அவ்வாண்டு செப்டம்பரில் திரும்பப் பெற்றது. டாம்பான்களின் உறிஞ்சு அளவைக் கிராம் கணக்கில் தரப்படுத்தும் விதி அமெரிக்காவில் 1990இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான சோதனை இரத்தத்தில் அன்று, உப்புநீரில் செய்யப்பட்டது.

இந்தியாவில்

இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 5405 தரநிலையின் 1980ஆம் ஆண்டுப் பதிப்பு எளிய சோதனை ஒன்றை விதித்தது. 30 மி.லி. நிறமூட்டிய நீரையோ உறையாமல் பதப்படுத்திய ஆட்டு இரத்தத்தையோ நிமிடத்துக்கு 15 மி.லி. வீதம் நாப்கினின் நடுவில் ஊற்ற வேண்டும். அடியிலோ ஓரத்திலோ கசிவு தெரியக் கூடாது.

நாப்கின் செய்ய முனைந்த கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் ஆட்டு இரத்தத்தைத் தாமே கையில் எடுத்தார். 1990களின் இறுதியில், கால்பந்தின் உட்பையில் இரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, தாம் செய்த நாப்கினை அணிந்து நடந்தும் சைக்கிள் மிதித்தும் சோதித்ததாக அவர் கூறியுள்ளார். சாதாரணப் பஞ்சு உறிஞ்சினாலும் அழுத்தத்தில் கக்கிவிடுவதையும், பெருநிறுவனங்கள் மரக்கூழைப் பயன்படுத்துவதையும் பின்னரே அறிந்தார். கூழை உதிர்த்து, அழுத்தி, உறையிட்டு, புற ஊதாக் கதிரால் தூய்மைப்படுத்தும் அவரது சிறு இயந்திரங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குச் சென்றன. 2016இல் பத்மஸ்ரீ பெற்றார்.

தமிழக அரசின் இலவச நாப்கின் திட்டமான புதுயுகம் 2011–12இல் அறிவிக்கப்பட்டது. 2017இல் நாப்கினுக்கு விதித்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15–24 வயதுப் பெண்களில் சுமார் 78 சதவீதத்தினர் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்தினர். துணி இவ்வகையில் சேர்க்கப்படவில்லை. துவைத்து வெயிலில் உலர்த்திய துணியை அப்படி ஒதுக்குவது சரியா என்பது விவாதத்துக்குரியது.

அண்மைக்காலம்

கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022இல் நாப்கினற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டு அங்குக் கப்புகள் வழங்கப்பட்டன. 2023இல் அமெரிக்காவின் ஒரேகான் உடல்நல, அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்பாட்டுக் காலம் கடந்த இரத்த வங்கிக் குருதியை ஊற்றி 21 மாதவிடாய்ப் பொருட்களைச் சோதித்தனர். கப்பைப்போல் உள்ளே வைக்கும் மாதவிடாய் வட்டு மிக அதிகமாகவும், போக்கைத் தானே உறிஞ்சும் மாதவிடாய் உள்ளாடை மிகக் குறைவாகவும் தாங்கின. குருதியும் மாதவிடாய்ப் போக்கும் ஒன்றல்ல என்பதால் அந்த அளவுகளையும் முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது.