காற்றே சுருள்வில்



1960களில் உருவான ‘ஏஆர்’ எனும் அமெரிக்க ஒலிபெருக்கிகள் இரண்டினை அண்மையில் பழைய விலைக்கு வாங்கினேன். நூலடுக்கில் வைக்கத்தக்க மரப்பெட்டிகள்தாம். ஆயினும் மிருதங்கத்தின் தொப்பி ஒலி வீட்டையே நிறைத்தது.

வாங்குமுன் உள்ளிருக்கும் பெரிய கூம்பினை மெல்ல அழுத்திப் பார்த்தேன். அது மெதுவாக மீண்டது. பெட்டியில் காற்றுக் கசிவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். “ஏன் அப்பா மெதுவாகத் திரும்புகிறது?” என்றாள் உடன்வந்த மகள். அவ்வினாவுக்குள் ஓர் ஆசிரியரின் வரலாறு உண்டு.

1950களின் தொடக்கத்தில் ஆழ்ந்த ஒலியைக் கேட்கப் பேரளவுப் பெட்டி தேவைப்பட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பாடம் கற்பித்த எட்கர் வில்ச்சர் மாற்றுவழி கண்டார். கூம்பின் பிடிமானத்தைத் தளர்த்தினார். மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக்கினார். ஒலிபெருக்கி உற்பத்தியாளர்கள் அதனை ஏற்கவில்லை. அவர்தம் மாணவர் ஹென்றி கிளோஸ் ஏற்றார். 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ‘அக்கூஸ்டிக் ரிசர்ச்’ நிறுவனம் பிறந்தது. ‘ஏஆர்’ என்பது அதன் சுருக்கமே.

1967இல் நிறுவனத்தை விற்ற வில்ச்சர், செவித்திறன் குறைந்தோர்க்கான கருவிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயனுக்குக் காப்புரிமை பெறாமல் அனைவர்க்கும் பொதுவாக்கினார்.

வணிகர் செவிமடுக்காததை ஒரு மாணவர் செவிமடுத்தார். கரும்பலகை முன் நாம் கூறும் சொல்லும் வீண்போவதில்லை. எந்தச் செவியில் அது விளையும் என்பதை மட்டும் நாம் அறியோம்.