அபதானிப் பள்ளத்தாக்கும் ஒரு சிறப்பு அதிகாரியின் குறிப்பேடும்

கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்-ஹைமன்டார்ஃப் 1944இல் சுபன்சிரி மலைப்பகுதிக்குள் நுழைந்தபோது அவர் வெறும் பயணி அல்லர். அசாம் ஆளுநரின் பழங்குடிப் பகுதி ஆலோசகராயிருந்த ஜே.பி. மில்ஸின் முயற்சியால் அமர்த்தப்பட்ட சிறப்பு அதிகாரி. வியன்னாவில் பிறந்த அவர், உலகப்போர் மூண்டதும் பகைநாட்டவர் எனக் கருதப்பட்டு ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் முடக்கப்பட்டிருந்தார். அங்கே செஞ்சுகளையும் கோண்டுகளையும் ஆய்ந்தவரை, எல்லைப்புற நிர்வாகத்தின் தேவை வடகிழக்கு மலைக்கு அழைத்துச் சென்றது. அவர் நூல்களைப் படிக்கும் மாணவர் பலரும் இப்பின்னணியைக் கவனிக்காமல் கடந்துவிடுகின்றனர்.

இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கில் அவர் கண்டது, சுற்றிலுமுள்ள காட்டெரிப்பு வேளாண்மைக்கு முற்றிலும் மாறான காட்சி. ஏர் இல்லை, உழவுமாடு இல்லை. மண்வெட்டியும் மனிதக் கையுமே கருவிகள். ஆயினும் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிய நெல்வயல்கள், வரப்புகளில் கேழ்வரகு, வேலியிட்டு வளர்க்கப்பட்ட மூங்கில், பைன் தோப்புகள். ஏழு ஊர்களில் நெருக்கமாக வீடுகள். நிலத்தை இவ்வளவு நுட்பமாகப் பேணிய மக்களை நாகரிகப் படிநிலை ஒன்றின் கீழ்ப்படியில் வைக்க எந்த ஏட்டறிவாலும் இயலாது.

அவரை மிகவும் ஈர்த்த வழக்கம் ‘லிசுது’. செல்வர் இருவரிடையே பகை மூண்டால், ஒருவர் தம் மிதுன் மாடுகளை எதிரியின் வீட்டின் முன் வெட்டுவார். எதிரி அதற்கு ஈடாகவோ மிகுதியாகவோ வெட்டியாக வேண்டும். போட்டி முற்றினால் தலைமுறைச் சொத்தான வெண்கல மணிகளும் திபெத்திய வாள்களும் உடைபடும். இருவரும் அழிந்துபோகுமுன் ஊர்ப் பெரியோர் குறுக்கிட்டு நிறுத்துவர். வட அமெரிக்கக் கடற்கரையின் பொட்லாட்ச் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் ஒன்று: இங்கே அழிவது பொருள், மனித உயிர் தப்புகிறது. இதைப் பித்து என்று ஒதுக்குவோர், நீதிமன்ற வழக்கில் இரு குடும்பங்கள் நிலம் விற்பதை எவ்வாறு பெயரிடுவரோ!

பெண்களின் மூக்கடைப்பான்களும் முகப்பச்சையும் பற்றி ஒரு விளக்கம் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: அயலார் கவர்ந்து செல்லாதிருக்க அழகைக் குலைத்துக்கொண்டனர் என்பது. ஆண்களும் மோவாயில் பச்சை குத்திக்கொண்டதை இவ்விளக்கம் கணக்கில் கொள்வதில்லை. அணிந்தோர் கண்ணுக்கு அது அழகும் அடையாளமும் ஆகும். 1970களின் தொடக்கத்தில் அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்தவர்களும் அபதானி இளைஞர்களே.

மொழியின் பக்கம் வந்தால் சிக்கல் கூடுகிறது. அசாமிய மொழி அறிந்த உரைபெயர்ப்பாளர் வழியாகவே பெரும்பாலான செய்திகள் குறிப்பேட்டை அடைந்தன. அண்டை மக்களை அவர் ‘தஃப்லா’ என்று எழுதினார். அது சமவெளியார் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை அழைப்பது ‘நியிஷி’, அதாவது மனிதர். அட்டவணையில் அப்பெயரை மாற்ற 2008 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1955இல் வெளிவந்த அவரது பயணநூலின் தலைப்பான ‘ஹிமாலயன் பார்பரி’, உள்ளே அவரே பரிவுடன் எழுதியவற்றுக்கு நியாயம் செய்யவில்லை.

இப்பள்ளத்தாக்குக்கு அரசு வந்தது அதுவே முதன்முறையும் அன்று. 1897இல் மெக்கேப் தலைமையில் ஒரு படை, கைதிகளை மீட்க வந்து திரும்பியது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தொடர்பு மெலிந்தே இருந்தது. ஹைமன்டார்ஃபின் வருகை வேறு வகை: பேச்சு, உப்பு, அன்பளிப்பு, நட்பு. ஆனால் அவர் திறந்த வழியில் புறக்காவல் நிலையமும் வந்தது, சுமை தூக்க ஆள் கேட்கும் ஆணையும் வந்தது. 1948இல் கூரே நிலையத்தை அபதானிகள் தாக்கினர். கட்டாயச் சுமைப்பணி அதற்கொரு முக்கியக் காரணம். துப்பாக்கிகளின் முன் அவ்வெழுச்சி நிலைக்கவில்லை. அபதானிகள் அதை ‘கூரே சம்ப்யோ’ என்று நினைவுகூர்கின்றனர்.

அவர் பின்னரும் பலமுறை திரும்பி வந்தார். 1980இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பு, மாட்டிலிருந்து பணத்துக்கு என்ற பொருள் தருவது. மிதுன் கொண்டு மதிப்பை அளந்த ஊர்களில் அதற்குள் கடைவீதியும் ஒப்பந்ததாரரும் வந்துவிட்டிருந்தனர்.