கொதிக்க வைத்த பல்!

18-ம் நூற்றாண்டு லண்டனில் பிரபல சர்ஜன் ஜான் ஹன்டர். சேவலின் கொண்டையில் மனிதப் பல்லை நட்டுப் பார்த்த ஆசாமி! பிடுங்கிய சொத்தைப் பல்லைக் கொதிக்க வைத்துச் சுத்தமாக்கி, அதே குழியில் மறுபடி பொருத்தலாம் என்றார். சுத்தம்தானே முக்கியம்? அங்கேதான் சறுக்கல்!

வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது செத்துப்போனால், உடம்பே வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். டென்மார்க்கின் ஆண்ட்ரியாசெனும் அவர் சகாவும் 1966-ல் 110 பற்களை ஆராய்ந்தார்கள். அரை மணிக்குள் பொருத்தியவற்றில் 90 சதவிகிதம் தப்பின. இரண்டு மணி நேரம் தாண்டியவற்றில் 95 சதவிகிதம் கரைந்தன!

உங்கள் பையன் கிரிக்கெட் பந்தில் பல்லைப் பறிகொடுத்தால், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். லேசாக அலசிக் குழியிலேயே செருகிவிட்டு (பால் பல் என்றால் கூடாது) டாக்டரிடம் ஓடுங்கள். செருக முடியவில்லையா? பாலில் போட்டு எடுத்துப் போங்கள். கொதிக்கிற பாலில் அல்ல... ஹன்டர் வைத்தியம் போதும்!