கூடு விட்டுக் கூடு

நான்கு மூலையிலும் நீல ரப்பர் காப்பு. வயிற்றில் நான்கு பென்சில் பேட்டரி. நடுவே, லேப்டாப்புக்குள் இருக்கும் அதே அளவில் ஒரு 6 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் பிரான்ஸின் ஆர்கோஸ் நிறுவனம் ‘ஜூக்பாக்ஸ் 6000’ என்ற பெயரில் இந்தப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சட்டைப் பையில் போட்டால் பை தொங்கிவிடும். ஆனாலும் சுமார் நூறு மணி நேரப் பாட்டு அதற்குள் அடங்கியது. ஆப்பிளின் முதல் ஐபாட் அடுத்த ஆண்டு நவம்பரில்தான் கடைக்கு வந்தது. கேசட்டையும் சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டவர்களுக்கு இந்தப் பெட்டி எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்!

பெட்டியில் குறையில்லை. அதை இயக்கிய மென்பொருளில்தான் குறை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஓர் இடைவெளி விழும். ஒரே கச்சேரியைத் துண்டு துண்டாகப் பதிந்த தட்டில், ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே யாரோ கதவைச் சாத்திவிட்டுத் திறப்பதுபோல இருக்கும். பட்டியலில் மேலும் கீழும் போவதற்குள் பொறுமை போய்விடும். வாங்கியவர்கள் திருத்தம் கேட்டார்கள். கேட்ட வேகத்தில் திருத்தம் வரவில்லை.

2001-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஸ்வீடனில் மூன்று பேர் இந்தக் காரியத்தைத் தாங்களே செய்வதென்று இறங்கினார்கள். பியோர்ன் ஸ்டென்பெர்க், லீனுஸ் நீல்சன் ஃபெல்ட்சிங், டேனியல் ஸ்டென்பெர்க். இந்த டேனியல்தான் ‘கர்ல்’ என்ற நிரலை எழுதியவர். இன்று போன், கார், தொலைக்காட்சி என்று இணையத்தோடு பேசும் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் அது ஓடுகிறது. ஆர்கோஸின் மென்பொருளை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய அவர்கள் முயலவில்லை. அந்தப் பெட்டிக்கான முழு மென்பொருளையும் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினார்கள். ஜூக்பாக்ஸ் என்ற பெயரையொட்டி ‘ராக்பாக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

இது நடக்கக் காரணம் ஆர்கோஸ் பெட்டியில் திறந்தே இருந்த ஒரு சின்ன வாசல். பெட்டியை ஆன் செய்தால், அதன் நிரந்தர நினைவகத்தில் இருக்கும் நிரல் முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்கும். குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பு அங்கே இருந்தால் அதை ஏற்றி, கட்டுப்பாட்டை அதன் கையில் கொடுத்துவிடும். நிறுவனம் தன் சொந்தப் புதுப் பதிப்புகளைத் தருவதற்காக வைத்த வழி அது. கோப்பைக் கொஞ்சம் கலைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கலைப்பு எளிதில் பிடிபட்டது. அதன்பின் யார் எழுதிய நிரலும் அந்த வாசல் வழியே உள்ளே போகலாம் என்றாயிற்று. தப்பாகிப்போனால் கோப்பை நீக்கிவிட்டால் போதும், பழைய மென்பொருள் திரும்பி வந்துவிடும். பயமில்லாமல் பரிசோதனை செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உள்ளே இருந்தது ஹிட்டாச்சியின் எஸ்ஹெச்1 சில்லு. வேகம் சுமார் 12 மெகாஹெர்ட்ஸ். எம்பி3-ஐ விரித்துப் பாட்டாக்கும் வலு அதற்கு இல்லை. அந்த வேலைக்கு மைக்ரோனாஸ் நிறுவனத்தின் தனிச் சில்லு ஒன்று பக்கத்தில் இருந்தது. மென்பொருளின் பாடு, டிஸ்க்கிலிருந்து எடுத்து அந்தச் சில்லுக்கு ஊட்டிக்கொண்டே இருப்பது. நினைவகம் மொத்தம் 2 எம்பி. அதில் நிரலுக்குப் போக மிஞ்சிய இடத்தில் இரண்டு நிமிடப் பாட்டுகூட நிற்காது. ஆகவே டிஸ்க் அடிக்கடி விழித்து, சுழன்று, நினைவகத்தை நிரப்பிவிட்டுத் தூங்கும். விழிக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரி கரையும். நிரல் எவ்வளவு சிறுத்து இருக்கிறதோ அவ்வளவு பாட்டுக்கு இடம். சில பயனர்கள் பெட்டியைப் பிரித்து, 2 எம்பி சில்லைப் பற்றவைப்புக் கருவியால் எடுத்துவிட்டு 8 எம்பி சில்லை வைத்தார்கள். ராக்பாக்ஸ் அந்த மாற்றப்பட்ட பெட்டிக்கென்று தனிப் பதிப்பே வெளியிட்டது. வீட்டு மேசையில் யாரோ கைவைத்துச் செய்த வேலையை மென்பொருள் மதித்து ஏற்றுக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

2002 ஜூனில் முதல் பதிப்பு வந்தது. குனு பொது உரிமத்தின் கீழ் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் செய்ததிலேயே ஆகப் பெரிய காரியம் 2004 வாக்கில் நடந்தது. பெட்டி பேசத் தொடங்கியது.

பார்வையற்ற ஒருவர் கையில் எம்பி3 பிளேயர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். கேசட் பிளேயரில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று விரலுக்குத் தெரியும். எம்பி3 பிளேயரில் எல்லாமே திரைக்குள். ஆயிரம் பாட்டு இருந்தும் தேடி எடுக்க வழியில்லை. ராக்பாக்ஸ் நிரலர்கள் ஒவ்வொரு மெனு வரியையும் கணினியில் பேச்சாக மாற்றி, சிறுசிறு ஒலித் துணுக்குகளாகச் சேர்த்து, ஒரே கோப்பாகக் கட்டினார்கள். வரியின் மேல் போய் நின்றால் அந்தத் துணுக்கு ஒலிக்கும். எண்களை முழுதாகப் பதியவில்லை. இருபதுக்கு ஒரு துணுக்கு, மூன்றுக்கு ஒரு துணுக்கு என்று வைத்து, வேண்டியபோது கோத்துக்கொண்டார்கள். கோப்புறைகளின் பெயரையும் பாட்டுகளின் பெயரையும் கணினியிலேயே முன்கூட்டிப் பேச்சாக்கிப் பக்கத்தில் வைத்துவிடலாம். அப்படி வைக்காத பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் செய்யலாம். பேச்சை உருவாக்க இலவசமான ஈஸ்பீக் போன்ற நிரல்களே போதும்.

கடையில் பார்வையற்றோருக்கென்று தனியாக விற்கும் கருவிகளின் விலை எப்போதும் கூடுதல்தான். இங்கே எல்லோரும் வாங்கும் அதே பெட்டியில் ஒரு கோப்பைப் போட்டால் அது வாய் திறந்தது. ராக்பாக்ஸ் வேறு எதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலும் அதைப் பற்றி எழுதியிருப்பேன்.

ராக்பாக்ஸ் அடுத்துப் புகுந்த கூடு கொரியாவின் ஐரிவர். ஹெச்100 வரிசைப் பிளேயரில் எம்பி3-க்கென்று தனிச் சில்லு கிடையாது. மோட்டோரோலாவின் கோல்ட்ஃபயர் என்ற சில்லே எல்லாவற்றையும் செய்யவேண்டும். அதாவது பாட்டை விரிக்கும் கணக்கை ராக்பாக்ஸே போடவேண்டும். அதுவும் தசமக் கணக்குக்கான உறுப்பில்லாத சில்லில், முழு எண்களைக் கொண்டே போடவேண்டும். இந்தக் கஷ்டம்தான் பெரிய வரமாக மாறியது. இனி எந்த வடிவத்தைக் கேட்பது என்பதைச் சில்லு செய்தவர் முடிவு செய்ய முடியாது. ஓக் வோர்பிஸ், தரம் குறையாத ஃபிளாக் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாட்டுகளுக்கு நடுவே விழுந்த அந்த இடைவெளியும் அடியோடு ஒழிந்தது.

பிறகு ஐபாட்.

ஐபாட்டில் ஆர்கோஸ்போலத் தாராளமான வாசல் கிடையாது. உள்ளே இருந்த போர்ட்டல்பிளேயர் சில்லுக்குப் பொதுவில் கையேடும் கிடையாது. அதற்கு முன்பே ஐபாட்டில் லினக்ஸ் இயங்குதளத்தை ஓடவைக்க ஒரு குழு பாடுபட்டுக்கொண்டிருந்தது. நான்காம் தலைமுறை ஐபாட் வந்ததும் அவர்களுக்கு வழி அடைபட்டது. தங்கள் நிரலை அதில் ஓட்ட முடிந்தது, ஆனால் திரையை எழுப்பத் தெரியவில்லை, உள்ளிருக்கும் தொடக்க நிரலை வெளியே எடுக்கவும் வழியில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு மாணவர் 2005 வாக்கில் வழி கண்டுபிடித்தார். ஐபாட்டின் சக்கரத்தைச் சுற்றினால் ‘டிக் டிக்’ என்று கேட்குமே, அந்தச் சத்தத்தை எழுப்பும் சிறு வில்லை ஒன்று உள்ளே உண்டு. தொடக்க நிரலின் எண்களை ஒவ்வொன்றாக அந்த வில்லையில் ஒலியாக எழுப்பச் செய்தார். வெளிச்சத்தம் புகாமல் ஒரு பெட்டிக்குள் ஐபாட்டை வைத்து, மைக்கால் பதிவுசெய்து, பதிவான ஒலியை மறுபடி எண்ணாக்கினார். மணிக்கணக்கில் அந்த ஐபாட் தன் ரகசியத்தைத் தானே கிறீச்சிட்டு ஒப்பித்தது. பூட்டின் சாவியைப் பூட்டின் வாயாலேயே சொல்லவைத்த இந்தச் சாமர்த்தியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

லினக்ஸ் குழு சேர்த்த அறிவின் தோளில் ஏறித்தான் 2005 கடைசியில் ராக்பாக்ஸ் ஐபாட்டுக்குள் நுழைந்தது. ஆப்பிளின் மென்பொருளையும் அது விரட்டவில்லை. ஆன் ஆகும் நேரத்தில் ஹோல்டு பொத்தானைத் தள்ளிவைத்தால் ஆப்பிள், விட்டுவிட்டால் ராக்பாக்ஸ். ஐடியூன்ஸ் இல்லாமலே, கணினியிலிருந்து கோப்புறையை இழுத்துப் போட்டுப் பாட்டுக் கேட்கலாம் என்றானது. டூம் விளையாட்டையும் அதில் ஓட்டினார்கள்.

2006-ல் வந்த 80 ஜிபி வீடியோ ஐபாட்டை இன்றும் தேடி வாங்குகிறார்கள். அதன் நினைவகம் 64 எம்பி. ஆர்கோஸோடு ஒப்பிட்டால் 32 மடங்கு. டிஸ்க் ஒருமுறை விழித்தால் ஓர் ஆல்பத்தையே விழுங்கிவிட்டுத் தூங்கும். டிஸ்க் பழுதாகும் வயது வந்ததும் அதைக் கழற்றி, ஓர் இடைப்பலகை வைத்து, எஸ்டி அட்டைகளைச் செருகுகிறார்கள். பேட்டரியையும் மாற்றுகிறார்கள். சில்லுப் பலகையும் திரையும் சக்கரமும் வெளித்தகடும் மட்டுமே பழையவை. இப்படிப் பிரித்துப் பூட்டிய ஐபாட்டில் ராக்பாக்ஸும் ஓடினால், ஆப்பிள் விற்ற பொருள் அதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கத் தோன்றும்.

மற்றக் கூடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். தோஷிபாவின் கிகாபீட், கோவான், சான்டிஸ்க்கின் சான்சா வரிசை. அதில் கிளிப் பிளஸ் என்பது தீப்பெட்டியளவுப் பிளாஸ்டிக் பொருள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் மலிவான அந்தக் குட்டிக்குள்ளும் ராக்பாக்ஸ் முழுதாக அடங்கியது, பேச்சும் சேர்த்து. 2007-ல் வந்த ஐபாட் கிளாசிக்கில் ஆப்பிள் பூட்டைப் பலப்படுத்தியதால் உள்ளே போகச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் உலகம் போனுக்கு மாறிவிட்டது. 2014-ல் கிளாசிக் விற்பனை நின்றது. 2022 மே மாதம் கடைசி ஐபாட்டையும் ஆப்பிள் நிறுத்துவதாக அறிவித்தது.

ராக்பாக்ஸ் பதிப்புகளும் அருகத் தொடங்கின. 2013-க்குப் பின் 2017, பின் 2019. அப்புறம் ஐந்தாண்டுக்கு மேல் புதுப் பதிப்பு இல்லை. ஆனால் மூல நிரலில் வேலை நடந்துகொண்டேதான் இருந்தது. சீனாவிலிருந்து ஃபியோ எம்3கே, ஷான்லிங் கியூ1 போன்ற புதிய பிளேயர்கள் வந்தன. நிரலர்கள் அவற்றுக்குள்ளும் புகுந்தார்கள். 2025 ஏப்ரலில் 4.0 பதிப்பு வெளிவந்தது. முதல் வரி எழுதப்பட்டபோது பிறந்திராத பொருள்களில் அது ஓடுகிறது.

அந்த 4.0-இல் ஆர்கோஸ் ஜூக்பாக்ஸ் கிடையாது. தனிச் சில்லுக்கு எம்பி3 ஊட்டும் பழைய நிரற்பகுதிகளைச் சுமக்க முடியாமல் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பிறந்த கூட்டுக்கு ராக்பாக்ஸ் இனித் திரும்பாது. ஆனாலும் நீல ரப்பர் போட்ட அந்தப் பெட்டி ஏதாவது அலமாரியில் கிடந்து, யாராவது நான்கு பென்சில் பேட்டரியைப் போட்டு ஆன் செய்தால், அது முதலில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் பார்க்கும், தனக்கென்று யாராவது ஒரு கோப்பு வைத்திருக்கிறார்களா என்று.