மரியோவும் கரண்ட் கட்டும் - ஒரு கஷ்டத்தின் வரலாறு

2012-ம் வருஷம், மே மாத லீவு. வீரசோழனில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவியில் மரியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியம்மா மகன் (எனக்கு அண்ணன்) எட்டாவது உலகத்தின் மூன்றாவது ஸ்டேஜில், சுத்தியல் எறிகிற இரண்டு ஆமைகளுக்கு முன்னால் நிற்கிறான். கையில் ஒரே ஒரு லைஃப். நான் பக்கத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

டப்! ஃபேன் நின்றது. டிவி அணைந்தது.

ஒரு மணி நேரம் கழித்து கரண்ட் வந்தது. மரியோ முதல் ஸ்டேஜில் புத்தம் புதிதாய் நின்றான். அண்ணன் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இவ்வளவு கஷ்டமா எதுக்குடா இதைப் பண்ணி வச்சிருக்கானுங்க?" என்றான். எனக்கு அப்போது எட்டு வயது. பதில் தெரியவில்லை. இப்போது பி.காம். படிக்கிறேன். தேடிப் பார்த்ததில் அவன் கேள்விக்குப் பதில் கணக்குப் பாடத்தில்தான் இருக்கிறது :-)

கதை காசு போட்டு ஆடும் மெஷினில் ஆரம்பிக்கிறது. 1981-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 'டாங்கி காங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஷிகேரு மியாமோட்டோ. உருளும் பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி மேலே ஏற வேண்டும். அந்தத் தாண்டும் ஆள்தான் பின்னாளில் மரியோ. கடையில் வைக்கிற மெஷினுக்கு வருமானமே நாணயம்தான். ஒருவன் ஒரே காசில் ஒரு மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். சீக்கிரம் தோற்க வேண்டும், ஆனால் 'இன்னொரு தடவை ஆடினால் ஜெயிச்சிருவேன்' என்றும் தோன்ற வேண்டும். மூன்று லைஃப் என்ற வழக்கம் இந்த வியாபாரத்தில் வளர்ந்தது.

1983 ஜூலையில் நின்டெண்டோ 'ஃபேமிகாம்' என்ற வீட்டு மெஷினைக் கொண்டுவந்தது. 1985 செப்டம்பர் 13-ல் அதற்கு 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்தது. வீட்டில் காசு போட வேண்டியதில்லை. அப்புறம் ஏன் அதே மூன்று லைஃப்?

இங்கேதான் இன்னொரு கணக்கு. அந்த ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். இன்றைக்கு நாம் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரியது. அதற்குள் 8 உலகம், ஒன்றுக்கு 4 வீதம் 32 ஸ்டேஜ். மேகமும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. 1-4 கோட்டையே கஷ்டம் கூட்டப்பட்டு 6-4 ஆக வருகிறது. 2-3 பாலம் 7-3 ஆக வருகிறது. தெரிந்தவன் ஆடினால் சீக்கிரமே தீர்ந்துவிடும் ஆட்டம் அது. உலகத்தின் கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் இன்று குறுக்கு வழியில் போய் 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு வருஷக்கணக்கில் தீரவில்லை என்றால், மீதியை நிரப்பியது நாங்கள் தோற்ற தோல்விகள்தான்.

அடுத்த வருஷம், 1986-ல், ஜப்பானில் இரண்டாம் பாகம் வந்தது. அதில் சாப்பிட்டால் சாகிற விஷக் காளான் உண்டு, பின்னால் போகவைக்கிற குறுக்கு வழியும் உண்டு. இது ரொம்பக் கஷ்டம் என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அதை வாங்க மறுத்தது. வேறொரு ஆட்டத்தில் மரியோவின் முகத்தை மாட்டி, 1988-ல் அதையே இரண்டாம் பாகம் என்று அங்கே விற்றார்கள். அசல் பாகம் அமெரிக்கர்கள் கைக்குப் போனது 1993-ல்தான். ஆக, கஷ்டம் எவ்வளவு வைப்பது என்பதும் விலை நிர்ணயம் மாதிரி ஒரு வியாபார முடிவு.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் இந்த மெஷின் 'சாமுராய்' என்ற பெயரில் முறைப்படி விற்கப்பட்டது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு வந்தது அதன் நகல்கள். அப்பா அருப்புக்கோட்டையில் வாங்கி வந்ததும் ஒரு நகல்தான். கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே பத்து இருபது ஆட்டமே திரும்பத் திரும்ப வரும். விளக்கப் புத்தகம் எதுவும் கிடையாது. டிவி வந்த வழி வேறு. 2006 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டம் இல்லையென்றால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் மரியோ நுழைந்திருக்க மாட்டான்.

டிவி வந்தது, கரண்ட் போனது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. மரியோ கேசட்டில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கேசட்டுக்குள் பேட்டரி வைத்துச் சேமிப்பது 'செல்டா' போன்ற ஆட்டங்களில்தான் பின்னால் வந்தது. லைஃப் எல்லாம் போன பிறகு 'ஏ' பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் அமுக்கினால், தோற்ற உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து ஆடலாம் என்று ஒரு ரகசியம் உண்டு. எனக்கு அது தெரிந்ததே காலேஜுக்கு வந்த பிறகுதான்! ஆனால் கரண்ட் போனால் அதுவும் மறந்துபோகும்.

அதனால் எங்களுக்கு ஆட்டமே மாறிவிட்டது. கரண்ட் வந்ததும் ஓட வேண்டும். 1-2-ல் கூரை மேல் ஏறி நாலாவது உலகம், 4-2-ல் மறைந்திருக்கும் கொடியைப் பிடித்து எட்டாவது உலகம். மியாமோட்டோ வைத்த கஷ்டத்துக்கு மேல் மின்வாரிய அட்டவணை ஒரு கஷ்டம். அண்ணன் வெளியூருக்கு வேலைக்குப் போகும்வரை முடிக்கவே இல்லை.

போன மாசம் அவன் லீவில் வந்திருந்தான். என் லேப்டாப்பில் மரியோவைப் போட்டுக் கொடுத்தேன். இதில் நினைத்த இடத்தில் சேமிக்கலாம் என்று சொல்லிக் காட்டினேன். "அதெல்லாம் வேணாம்டா" என்றான். மூன்று இரவு ஆடினான். மூன்றாவது இரவு, 8-4-ல் சரியான குழாயைக் கண்டுபிடித்து, இளவரசியைப் பார்த்தான். நான் கைதட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் ஸ்டார்ட் அமுக்கினான். முடித்தவர்களுக்கு அதே ஆட்டம் இன்னும் கஷ்டமாகத் திரும்ப ஆரம்பிக்கும். மிதித்தாலே சாகும் காளான் பூச்சிகள் இருந்த இடத்தில் இப்போது ஓட்டு வண்டுகள்.

"பாவிப் பயலுக" என்றான் அண்ணன். சொல்லிக்கொண்டே அதையும் ஆட ஆரம்பித்துவிட்டான் :-)