இரண்டு மஞ்சள்கள்

"கோஹ்ராவுக்கு மஞ்சள் லைட்தான் சார். வெள்ளை திரும்பி வந்துடும், மஞ்சள் கிழிச்சுக்கிட்டுப் போகும்." லக்னோவில் மெக்கானிக், டிரைவர், பக்கத்து ஃப்ளாட்காரர் என்று இதை எனக்கு இந்தியில் சொல்லாத ஆளே இல்லை. கோஹ்ரா என்றால் மூடுபனி. நம்ம ஊர் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு வடக்கே வருகிறவர்கள் முதல் ஜனவரியிலேயே தெளிந்துவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு காரின் பானெட் தெரியும், அதற்கப்புறம் பால்தான்.

செகண்ட் ஹாண்டில் வாங்கிய என் காரின் இரண்டு ஃபாக் லைட்டுகளும் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தன. பிளாஸ்டிக் முகப்பு மங்கி, சொரசொரவென்று. இதைச் சரிசெய்ய உப்புத்தாள் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்: "தானாவே மஞ்சளாயிடுச்சு, பனிக்கு நல்லதுதானே!" சிரிக்கிற விஷயமில்லை. 2017 நவம்பரில் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் பனிப்புகைக்குள் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் முட்டிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரோட்டில்தான் நாங்கள் டெல்லிக்குப் போய் வருகிறோம்.

கடைக்காரர் இரண்டு மஞ்சள்களைக் குழப்பிக்கொள்கிறார். இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

முதல் மஞ்சள் பிரான்சுக்காரர்களுடையது. 1936இல் அங்கே ஓர் அரசாணை போட்டு, வண்டிகளின் முன்விளக்கு எல்லாம் மஞ்சளாக இருக்க வேண்டும் என்றார்கள். போர் வந்தால் நம் வண்டி எது, எதிரி வண்டி எது என்று கண்டுபிடிக்கத்தான் என்றொரு கதை இன்னும் உலவுகிறது (நன்றாகத்தான் இருக்கிறது கதை). சொல்லப்பட்ட காரணம் வேறு: வெளிச்சத்திலிருந்து நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டிவிட்டால் எதிரே வருபவருக்குக் கண் கூசுவது குறையும். அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 1993இல் ஐரோப்பியப் பொது விதிகளோடு ஒத்துப்போக வேண்டி வந்தபோதுதான் பிரான்சும் வெள்ளைக்கு மாறியது.

சரி, மஞ்சள் பனியைக் கிழிக்குமா? வானம் ஏன் நீலம் என்பதற்கு 1871இல் ராலே பிரபு கொடுத்த விளக்கத்தைத்தான் நம்மவர்கள் இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், அதாவது காற்றின் மூலக்கூறுகள், நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். சிவப்பும் மஞ்சளும் நேராகப் போகும். நியாயம்தான். ஆனால் மூடுபனித் துளி மூலக்கூறு இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். பனித்துளியோ சில மைக்ரான் தொடங்கி சில பத்து மைக்ரான் வரை. இந்த அளவுத் துளிகளுக்கான கணக்கை 1908இல் குஸ்தாவ் மீ எழுதினார். அதன்படி எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். சிதறாமல் இருந்தால் பனி ஏன் வெள்ளையாகத் தெரிகிறது, சொல்லுங்கள்? மஞ்சள் கண்ணுக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவுதான்.

ஃபாக் லைட் வேலை செய்வது நிறத்தால் அல்ல, இடத்தால். பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்கிறது. வெளிச்சம் அகலமாக, தட்டையாக விழும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி நிற்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே போகிற வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் எழும்புவது அதனால்தான்.

இப்போது இரண்டாவது மஞ்சள். இதைப் பெற்றெடுத்தது பெட்ரோல் விலை என்று சொல்வேன். அமெரிக்காவில் 1940 முதல் முன்விளக்கு என்றால் மூடி முத்திரையிட்ட கண்ணாடி விளக்குதான், வேறு வடிவம் கூடாது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு காற்றைக் கிழிக்கிற மூக்குள்ள கார்கள் தேவைப்பட்டன. 1983இல் விதி தளர்ந்தது. 1984 மாடல் லிங்கன் மார்க் 7 புதுவகை விளக்கோடு வந்தது. காரின் வளைவுக்கு ஏற்ப வார்க்கப் பாலிகார்பனேட் கைகொடுத்தது. 1953இல் ஜெர்மனியில் பேயரிலும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிளாஸ்டிக் அது. எடை குறைவு, கல் பட்டால் சிதறாது. ஆனால் வெயிலின் புற ஊதாக்கதிர் அதற்கு ஆகாது. மேலே பூசிய பாதுகாப்புப் பூச்சு தேய்ந்ததும் மஞ்சள் தட்டி, நுண்ணிய விரிசல் விடும். பழைய அம்பாஸடர் விளக்குக்கு இந்த வியாதி வராது, அது கண்ணாடி.

இந்த விரிசல்தான் ஆபத்து. ஒவ்வொரு விரிசலும் வெளிச்சத்தைத் திசைதிருப்பி, அந்தக் கத்திக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடுகிறது. பிரெஞ்சு மஞ்சள் வடிகட்டி. இது வெறும் கண்புரை.

வீட்டிலேயே செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விளக்கைக் கழற்றி, 800ஆம் நம்பர் நீர் உப்புத்தாளில் தொடங்கி 1500, 2000, கடைசியில் 3000. தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதல் தாளில் முழுக்க வெள்ளையாகி, 'காரியத்தைக் கெடுத்தாச்சு' என்று தோன்றும், பயப்பட வேண்டாம். பிறகு பாலிஷ். பற்பசை வைத்தியம் சொல்கிறவர்கள் பலர். அதுவும் ஒரு மெல்லிய அரம்தான், பளபளப்பு வரும். ஆனால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேலே புற ஊதாக்கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் எலுமிச்சை திரும்பிவிடும். பெரும்பாலானோர் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

இடது விளக்கின் உள்ளே வெள்ளிப்பூச்சே உரிந்து போயிருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, புதிதுதான் வாங்கினேன். 100 வாட் பல்ப் போடச் சொன்ன யோசனையையும் ஏற்கவில்லை. 55 வாட்டுக்குக் கட்டிய வயரும் பிளாஸ்டிக்கும் அந்தச் சூட்டைத் தாங்காது. மாட்டிய பிறகு சமதரையில் பத்து மீட்டர் தள்ளி ஒரு சுவர் முன்னால் நிறுத்தி, மேல்கோடு விளக்கின் உயரத்தைவிட 10 முதல் 15 செ.மீ. கீழே விழும்படி திருகை முடுக்கினேன்.

தங்கமணிக்கு மட்டும் வருத்தம். மஞ்சளாக இருந்தபோதுதான் கார் லட்சணமாக இருந்ததாம் :-)