மொச்சைக் காட்டில் எண்ணிப் பார்த்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் சோமனூர் கடைவீதியில் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஒரு பை நிறைய அவரைக்காயைக் கையில் திணித்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, "சார், உப்புத் தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசிட்டு ஆக்கச் சொல்லுங்க. முந்தாநேத்துத்தான் மருந்தடிச்சதுங்க" என்றார்.

"ஏப்பா, முந்தாநேத்து அடிச்சதை இன்னிக்கே பறிக்கலாமா?"

"என்னங்க சார் பண்றது? மூணு நாளைக்கு ஒருக்காப் பறிக்கலைன்னா காய் முத்திருதுங்க. வாரம் ஒருக்கா அடிக்கலைன்னா புழு வெச்சிருதுங்க."

அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. நல்ல மனிதர். ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தால் கணக்கு இடிக்கிறது. மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் அடுத்த பறிப்பு வந்துவிடுகிறது. நெல்லிலும் பருத்தியிலும் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அவரையில், தட்டையில், பீன்ஸில் பூவும் பிஞ்சும் காயும் ஒரே கொடியில் ஒரே நாளில் இருக்கின்றன. புழுவுக்கு அடிப்பது நம் தட்டுக்கும் வந்துவிடுகிறது.

நான் வரலாற்று வாத்தியார். இப்படி ஒன்றைக் கேட்டால் புத்தி பின்னோக்கித்தான் ஓடும்.

இன்றைக்கு நம்ம ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் தறிச் சத்தம். நான் சிறுவனாக இருந்தபோது ஊரைத் தாண்டினால் வானம் பார்த்த சோளக்காடு, அதற்குள் ஊடுபயிராக மொச்சையும் தட்டையும். சோளம் அறுத்த பிறகு மொச்சை மட்டும் படர்ந்து, மார்கழிப் பனியில் பூத்து, தையில் காய்க்கும். அந்த மாதங்களில் எங்கள் ஆத்தா விடிந்ததும் முறத்தோடு காட்டுக்குப் போய்விடும். கொடியை முறத்தின் மேல் சாய்த்து ஓர் உலுக்கு. நாவாய்ப்பூச்சியும் வண்டும் பொலபொலவென்று விழும். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்ச் சட்டியில் தட்டிவிடும். பூவைத் தின்னும் கருப்பு-ஆரஞ்சு வண்டை வெறுங்கையால் தொடவிடாது. தொட்டால் கொப்பளிக்கும். கொழுந்தில் பேன் அப்பியிருந்தால் அந்தக் கொழுந்தை மட்டும் கிள்ளி எடுக்கும். "ஓரத்துல பாத்துட்டு வந்துராத கண்ணு, நடுக்காட்டுலயும் பாரு" என்று என்னை உள்ளே அனுப்பும்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மூடாக்குப் போட்டுப் பனி நீண்ட வருடங்களில் பேன் மொத்தக் காட்டையும் கருக்கிவிடும், ஆத்தாவும் முறமும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப் போன வருடம் குழம்புக்கு மொச்சை கிடையாது, அவ்வளவுதான்.

நம்மிடமிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் அப்போதே வேறொரு பாடமும் நடந்துகொண்டிருந்தது. சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்து கல்லூரியாக வளர்ந்தது. 1971-ல் பல்கலைக்கழகமானதும் அதுதான். மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃப்ளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். பின்னர் டி.வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-ல் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டைக் கொண்டுவந்தார். பூச்சி எங்கே முட்டையிடுகிறது, புழு எதைத் தின்கிறது, எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதிய தலைமுறை அது. மருந்தென்று அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய்யும் சோப்பும் கலந்த கரைசல், புகையிலைச் சாறு, கையால் பொறுக்குவது. மருந்து குறைவாக இருந்ததால்தான் பூச்சியை அவ்வளவு கவனித்தார்களோ என்று எனக்குத் தோன்றும். 1919-ல் சென்னை மாகாணத்தில் பயிர்ப்பூச்சிச் சட்டமே வந்தது. கம்போடியா பருத்தியைப் பருவம் முடிந்தும் காட்டில் விட்டுவைக்கக் கூடாது, பிடுங்கிவிட வேண்டும் என்பது அதன் கீழ் வந்த கட்டளைகளில் ஒன்று. பூச்சிக்கு இடைவிடாமல் சோறு போடாதே என்பதுதான் அதன் பொருள்.

பிறகு வந்தது தூள். டி.டி.டி., பி.எச்.சி. எங்கள் அப்பாரு பி.எச்.சி. பவுடரை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, கொடிகளின் மேல் குச்சியால் தட்டிக்கொண்டே நடப்பார். முதல் வருடம் அதிசயம். விழுந்த புழுவை எறும்புகூடத் தின்னவில்லை. ஊரே வந்து பார்த்தது. அந்த வருடம் மொச்சை காய்த்துக் கொட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆத்தா முறத்தை வீட்டுக்குள் வைத்தது. "இனி என்னத்தப் போய் பாக்கறது, அதா மருந்து இருக்குதே" என்றது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் நடுக்காட்டில் போய்ப் பார்த்த நினைவு எனக்கு இல்லை.

1958-ல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டுக் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல்தான் வந்தது. பத்து வருடம்! எங்கள் பெரியப்பா மகன் ஒருவர் எழுபதுகளில் காற்றுக்கு எதிர்த்திசையில் மருந்தடித்து வரப்பிலேயே விழுந்தார். கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தார். பி.எச்.சி. 1997-ல்தான் நாட்டில் தடையானது, எண்டோசல்பான் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நின்றது. ஒரு மருந்து போனால் இன்னொன்று வந்தது.

இப்போது 1959-க்கு வருகிறேன். எனக்குப் பிடித்த வருடம் அது.

கலிபோர்னியாவில் குதிரைமசால் வயல்களில் ஒரு புதுவகைப் பேன் பரவியிருந்தது. குதிரைமசால் நமக்குத் தெரிந்ததுதான், மாட்டுக்குப் போடுகிறோம். அதுவும் அவரை, மொச்சையின் குடும்பம். அடித்த மருந்து பேனைத் தின்னும் பொறிவண்டையும் சேர்த்துக் கொன்றது. பேன் மட்டும் மருந்துக்குப் பழகித் திரும்ப வந்தது. ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நான்கு பேர் அந்த அனுபவத்திலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பூச்சி இருப்பதாலேயே அடிக்காதே. அது செய்யப்போகும் நட்டம் மருந்துச் செலவைத் தாண்டும் நிலைக்கு வருகிறதா என்று எண்ணிப் பார், அதற்குச் சற்று முன்னால் அடி, அதுவும் நல்ல பூச்சியைக் கொல்லாத மாதிரி அடி. இன்று நம் வேளாண் அலுவலர்கள் 'பொருளாதாரச் சேதநிலை' என்று சொல்வது இதைத்தான்.

அதே 1959-ல் ஜெர்மனியில் பூட்டனன்ட் என்ற வேதியியலாளர், பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்கும் வாசனை எந்தப் பொருள் என்று கண்டுபிடித்தார். ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து எடுத்தது சில மில்லிகிராம். ஏறக்குறைய இருபது வருட வேலை. நெசவு ஊர்க்காரர்கள் நாம், பட்டுப்பூச்சியில் நூலை மட்டும்தான் பார்த்தோம். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய இனக்கவர்ச்சிப் பொறி. வயலில் குச்சி நட்டு, நீளமான பாலிதீன் பை தொங்குமே, அதுதான்.

இவ்வளவு தெரிந்தும் நாம் எண்ணவில்லை. 1987-88-ல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டப் பருத்திக் காடுகளில் பச்சைக் காய்ப்புழுவுக்கு எந்த மருந்தும் வேலை செய்யவில்லை. கடன்பட்ட விவசாயிகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தப் பச்சைப்புழுதான் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் தக்காளிக்கும் அவரைக்கும் வருவது. பருத்தியில் பழகிய எதிர்ப்பு அதனோடு அடுத்த காட்டுக்கும் வரும். கூடவே இன்னொரு மாற்றம். பனிக்காலத்தில் மட்டும் பூத்த அவரை போய், வருடம் முழுக்கப் பூக்கும் குத்து அவரை வந்துவிட்டது. நமக்கு எப்போதும் காய் கிடைக்கிறது. புழுவுக்கும்தான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறுப் பரிந்துரையைப் பார்த்தால் ஆத்தாவின் முறம் கண்முன் வருகிறது. இரண்டரை சென்டிமீட்டர் கொழுந்தில் இருபது பேன் இருந்தால்தான் நடவடிக்கை. ஹெக்டேருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறி, பறவை உட்கார 50 குச்சி. வளர்ந்த புழுவையும் கொப்பளிக்கும் வண்டையும் கையால் பொறுக்குவது. நம் ஆட்கள் பலர் பொறியை மாட்டிவிட்டால் புழு ஒழிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும். எத்தனை விழுகிறது என்று எண்ணினால், முட்டை வைக்கும் நாள் நெருங்குகிறதா என்று தெரியும். பூங்கொத்தை நூலால் பின்னிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும் புள்ளிக் காய்ப்புழுவுக்கு இந்தப் பொறி உதவவே உதவாது. கொத்தைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

காட்டோடு முடிவதும் இல்லை. பயறு வண்டு காட்டிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடும். ஆத்தா விதை மொச்சைக்குச் செம்மண் குழம்பு பூசிக் காயவைத்து மொடாவில் போடும். அதே காரியத்துக்குக் கோவைப் பல்கலைக்கழகத்தில் துளையிட்ட குழாய் ஒன்று செய்திருக்கிறார்கள். பயறுக்குள் செருகிவைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு துளைக்குள் புகுந்து கீழே உள்ள கூம்பில் விழுந்துவிடும். தினமும் எடுத்துப் பார்த்தால் வண்டு வந்துவிட்டதா என்று மூட்டை ஓட்டையாவதற்கு முன்பே தெரியும். விலையும் அதிகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவரின் தோட்டத்துக்குப் போனேன். முக்கால் ஏக்கர் குத்து அவரை. ஐந்து இடத்தில், இடத்துக்குப் பத்துச் செடி என்று இரண்டு பேரும் குனிந்து எண்ணினோம். என் முழங்கால் இன்னும் வலிக்கிறது. பேன் இருந்தது, தெற்கோரம் இரண்டு வரிசையில். நடுக்காட்டில் ஏறக்குறைய இல்லை, பொறிவண்டின் குஞ்சுகள் மட்டும் அங்கங்கே ஊர்ந்துகொண்டிருந்தன. அதையும் புழு என்று நினைத்துத்தான் இத்தனை நாள் அடித்திருக்கிறார். பூங்கொத்து ஐம்பது பிரித்ததில் நான்கில் புள்ளிப்புழு. "இதுக்கா சார் முக்கா ஏக்கரும் அடிச்சேன்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

நேற்று இரவு போன் செய்தார். "சார், அந்த ரெண்டு வரிசைக்கு மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு அடிச்சேனுங்க. ரெண்டு பொறி வாங்கி மாட்டியிருக்கேன். மொத நாளு மூணு பூச்சி, இன்னிக்கு ஏழு. வீட்டுக்காரி மருந்துக் கடைக்குப் போகச் சொல்றாளுங்க. நாளைக்குக் காலையில நீங்க ஒரு எட்டு வர முடியுமுங்களா?"

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.